ஒரே நாளில் உரியும் பவளம்: மருந்துக்கு முன் கத்தரி

கேள்வி: சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் உள்ள வீவக அடுக்குமாடி வீட்டில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். நீரின் காரத்தன்மை எப்போதும் 7.5 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு). சனிக்கிழமை வேறொரு உப்புக் கலவைக்கு மாறி, 80 லிட்டர் நீரை மாற்றினேன். இரண்டு ஆண்டுகளாக வளர்த்த ஆக்ரோபோரா என்ற கிளைப்பவளம் இன்று காலை அடியில் வெளுத்திருந்தது. மாலைக்குள் பாதி போய்விட்டது. மறுபடியும் நிறைய நீர் மாற்றலாமா? மருந்து ஊற்றலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். கைவிளக்கை எடுத்து, வெள்ளையும் நிறமும் சந்திக்கும் கோட்டின் அருகில் பிடித்துப் பாருங்கள். அவித்த முட்டையின் உள்சவ்வு போலத் தோல் நைந்து, நீரோட்டத்தில் இழையிழையாக ஆடுகிறதா? அதற்குக் கீழே எலும்புக்கூட்டின் சிறு கிண்ணங்கள் வெறுமையாகத் தெரிகின்றனவா? அப்படியானால் இது விரைவுத் திசு அழிவு. பவளம் வளர்ப்போர் ஆர்டிஎன் என்று சொல்வது. வெப்பத்தால் வெளுப்பது வேறு. அதில் திசு இருக்கும், உள்ளே வாழும் பாசிதான் வெளியேறியிருக்கும். 2016-லும் 2024-லும் நம் தென் தீவுகளில் பவளங்கள் வெளுத்தது அந்த வகை. சூடு தணிந்தால் மீள வாய்ப்பு உண்டு. திசு உரிந்த கிளை மீளாது.

ஆகவே இன்றிரவே வெட்டுங்கள். எனக்கும் ஒருமுறை மனம் வரவில்லை, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தேன். விடிந்தபோது முழுப் பவளமும் எலும்பாக நின்றது. அந்த இரவை நான் மறக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பவளத்தைத் தொட்டிநீர் நிரப்பிய வாளிக்கு மாற்றுங்கள். பவளம் வெட்டும் கத்தரியால், உரியும் கோட்டிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, நல்ல திசுவுக்குள் வெட்டுங்கள். கோட்டை ஒட்டி வெட்டினால் அழிவு தொடர்ந்துகொண்டே போகும். ஒரே பெரிய கிளையாக வைக்காமல் நான்கைந்து துண்டுகளாக்குங்கள். ஒன்று போனாலும் மற்றவை மிஞ்சும். பவளங்களுக்கென்று விற்கும் அயோடின் கரைசலை வேறொரு பாத்திரத்தில், புட்டியில் சொன்ன அளவில் கலந்து, சொன்ன நேரம் மட்டும் நனைத்தெடுங்கள். சுத்தமான தொட்டிநீரில் அலசி, பசையால் பீங்கான் கட்டையில் ஒட்டி, நல்ல நீரோட்டமும் மிதமான வெளிச்சமும் உள்ள இடத்தில் வையுங்கள். அயோடின் நீர் தொட்டிக்குத் திரும்பக் கூடாது. தொட்டியின் தரையில் விழுந்த திசுத் துணுக்குகளைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, தொட்டி வடிகட்டியில் புதிய கரியைப் போடுங்கள்.

நுண்ணுயிர்க்கொல்லியைத் தொட்டியிலேயே ஊற்றச் சொல்வோர் உண்டு. நான் அதற்கு உடன்பட மாட்டேன். பாறையில் வாழ்ந்து அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவும் அதோடு சாகலாம். அப்புறம் அம்மோனியா ஏறி மீன்களையும் இழப்பீர்கள்.

இனி காரணம். இந்த நோய்க்கு இதுதான் கிருமி என்று ஒன்றைக் கைகாட்ட முடியாது. உரியும் திசுவில் விப்ரியோ பாக்டீரியாவும் குற்றிழை உயிரிகள் எனும் ஒற்றைச்செல் நுண்ணுயிர்களும் காணப்பட்டிருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் பவளத்தை முதலில் தளர்த்துவது ஏதாவதொரு திடீர் மாற்றம். உங்கள் கடிதத்தில் அந்த மாற்றம் இருக்கிறது. புதிய உப்பைக் கலந்த நீரின் காரத்தன்மையை அளந்தீர்களா? 11 டிகேஎச் காட்டும் கலவைகள் கடைகளில் சாதாரணம். உங்களுடையதும் அப்படி என்றால், 120 லிட்டர் பழைய நீரோடு 80 லிட்டர் புதியது சேர்ந்து, 7.5 ஒரே மதியத்தில் ஏறக்குறைய 8.9 ஆகியிருக்கும். 8.9 என்ற எண்ணில் தவறில்லை, எத்தனையோ தொட்டிகள் அதில் செழிக்கின்றன. ஏறிய வேகம்தான் தவறு. ஒரு நாளில் அரை டிகேஎச்-க்கு மேல் நகர விடாதீர்கள் என்பேன். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தை ஒட்டிய தொட்டி என்றால் ஆக்ரோபோரா இன்னும் குறைவாகவே தாங்கும்.

அதற்காக உடனே 7.5-க்கு இறக்க முயலாதீர்கள், அது இரண்டாவது அடி. இப்போதுள்ள எண்ணிலேயே நிறுத்துங்கள். இனி மாற்றும் நீர் ஒரு வேளைக்குப் பத்து விழுக்காடு போதும். உப்புத்தன்மை, வெப்பம், காரத்தன்மை மூன்றையும் வாளியிலேயே அளந்து பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

இன்னும் இரண்டை இன்றே பாருங்கள். நம் வீடுகளில் மதியம் அறையே 30 பாகையைத் தாண்டும். தொட்டிநீர்க் குளிர்விப்பானின் தூசிவலை அடைத்திருந்தால் எண்பலகை 26 காட்டினாலும் நம்பாமல் தனி வெப்பமானியால் சோதியுங்கள். அடுத்து, நம் குழாய்நீரில் இருப்பது குளோரமைன். வாளியில் ஓரிரவு வைத்தாலும் அது போகாது. அதை நீக்குவது குழாய்நீர் வடிகட்டியின் கரிக்குழல்தான். அதை மாற்றி எவ்வளவு காலம் ஆயிற்று?

வெட்டிய துண்டுகளைத் தினமும் கிளறாதீர்கள். வெட்டுமுனையில் திசு மூடிக்கொண்டு பசையின்மேல் மெல்லப் படரத் தொடங்கினால் அது பிழைத்துவிட்டது. ஏதாவது ஒரு துண்டில் மறுபடி வெள்ளைக் கோடு தெரிந்தால் அதை மட்டும் உடனே வெளியே எடுங்கள்.