ரெக்கார்டு நோட்டோடு நின்றுவிடும் கணினிக் கல்வி

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் துறை உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். என் மாணவர்களில் பெரும்பாலோர் அரசுப் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகள். ஆய்வகத் தேர்வுக்கான நிரல்களை (புரோகிராம்களை) ஓர் அரைப்புள்ளிகூட விடாமல் ஒப்பிக்கிறார்கள். அதில் ஒரு வரியை மாற்றிக் கேட்டால் திகைத்து நிற்கிறார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடமும் நிரலைக் கேட்டு வாங்கி வருகிறார்கள். இறுதியாண்டு புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்குவது வழக்கமாகிவிட்டது. பாடத்திட்டம் மாறாமல் இதற்கு விடிவு இல்லையா? தனி ஒருத்தியாக நான் என்ன செய்ய முடியும்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மன்னார்குடி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பாடத்திட்டம் மாறும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. தரவுக் கட்டமைப்பு, இயக்க முறைமை, தரவுத்தளம், கணினி வலையமைப்பு, கம்பைலர் வடிவமைப்பு என்று உங்கள் கல்லூரியில் நடக்கும் பாடங்கள்தாம் உலகின் நல்ல பல்கலைக்கழகங்களிலும் நடக்கின்றன. பாடம் முடிந்தபின் மாணவரிடம் நாம் எதைக் கேட்கிறோம் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கு வரும் வினாத்தாளைப் பாருங்கள்: 2 மதிப்பெண் வினாக்கள் 10, 13 மதிப்பெண் வினாக்கள் 5, 15 மதிப்பெண் வினா 1. பழைய தாள்களைப் புரட்டி, அலகுக்குச் சில விடைகளை உருப்போட்டால் தேறிவிடலாம் என்பதைப் பிள்ளைகள் முதல் பருவத்திலேயே கண்டுகொள்கிறார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று நான் சொல்லமாட்டேன். நாம் வைக்கும் தேர்வுக்கு அவர்கள் சரியாகவே தயாராகிறார்கள். அந்த வினாத்தாள் உங்கள் கையில் இல்லை. ஆய்வக நேரமும் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணும் உங்கள் கையில் இருக்கின்றன. ஆகவே என் பதில் அந்த இரண்டைப் பற்றியது.

ஆய்வக வகுப்பு இப்போது எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். கையேட்டில் உள்ள நிரலை அப்சர்வேஷன் நோட்டில் பார்த்து எழுதுகிறார்கள். அதையே தட்டச்சு செய்கிறார்கள். அவுட்புட் வந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ரெக்கார்டு நோட்டில் மறுபடி படியெடுக்கிறார்கள். ஒரே நிரலை மூன்று முறை எழுதியும் அதைப் பற்றி ஒரு முறைகூட யோசிக்க வேண்டிய தேவை அவர்களுக்கு நேர்வதில்லை. எனவே, எழுதச் சொல்வதற்கு முன் படிக்கச் சொல்லுங்கள். பதினைந்து வரிக்கு மேற்படாத, ஒழுங்காக ஓடும் ஒரு நிரலைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, கணினியைத் தொடும் முன்பே அது என்ன அச்சிடும் என்றும், லூப்பின், அதாவது திரும்பத் திரும்ப நடக்கும் பகுதியின், ஒவ்வொரு சுற்றிலும் எந்த மாறியில் என்ன மதிப்பு இருக்கும் என்றும் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதச் செய்யுங்கள். அதன்பிறகு இயக்கிப் பார்க்கட்டும். தாளில் இருப்பதும் திரையில் வருவதும் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கேதான் அந்த மாணவருக்குப் புரியாத ஒன்று இருக்கிறது. அது எது என்று உங்களுக்கும் அப்போதுதான் தெரியவரும். இது பழகியதும், ஒரே ஒரு பிழையை உள்ளே வைத்து நிரலைக் கொடுங்கள். பிழையைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அது ஏன் பிழை என்று சொன்னால்தான் மதிப்பெண் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

நல்ல பிழைகளைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். மேட்டூர் அணையின் நீர்மட்டம் 120 அடியை எட்டும்போது அதில் 93.47 டி.எம்.சி., அதாவது 93,470 மில்லியன் கன அடி நீர் இருக்கும் என்பது, அணையின் வழக்கமான திறப்பு நாளான ஜூன் 12ஐ எதிர்பார்த்திருக்கும் வீடுகளிலிருந்து வரும் உங்கள் மாணவர்களுக்குச் சிறுவயதிலிருந்தே காதில் விழுந்த கணக்கு. ஜாவா நிரல்மொழியில் 93470ஐ 1000000ஆல் பெருக்கி, முழு எண்ணை 32 பிட்டுகளில் வைக்கும் ‘இன்ட்’ வகை மாறியில் வைத்து அச்சிடச் சொல்லுங்கள். நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் எந்தப் பிழையும் காட்டாது; நிரம்பிய அணையில் -1019280512 கன அடி நீர் இருப்பதாக விடை வரும். ‘இன்ட்’ வகையின் 32 பிட்டுகளில் அடங்கும் மிகப் பெரிய நேர் எண் 2147483647. அது இரண்டு டி.எம்.சி.யைச் சற்றே தாண்டும் அளவு, அவ்வளவுதான். மாறியின் வகையை 64 பிட் கொண்ட ‘லாங்’ என்று மாற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். மாற்றிப் பார்த்தாலும் அதே தவறான விடைதான் வரும். ஏனெனில் பெருக்கல் 32 பிட்டுகளில் நடந்து முடிந்த பிறகுதான் விடை அந்தப் பெரிய மாறிக்குள் போகிறது. பெருக்கப்படும் எண்களில் ஒன்றையாவது முதலிலேயே ‘லாங்’ ஆக்கவேண்டும். இந்த இரண்டாவது ஏமாற்றத்தை மாணவர்கள் தாமாகவே கண்டறிய விடுங்கள். தயவுசெய்து முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

இது பாடப்புத்தகத்துக்காகச் செய்த உதாரணம் அல்ல என்பதையும் அவர்களுக்குச் சொல்லவேண்டும். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் சிதறியது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்துக்குள் மாற்ற முயன்றதே காரணம். ஜாவாவின் நூலகத்தில் இருந்த, வரிசைப்படுத்திய பட்டியலில் தேடும் பைனரி சர்ச் நிரலிலும் இரு எண்களைக் கூட்டும் இடத்தில் இதே வகைப் பிழை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இருந்ததை, அதை எழுதிய ஜோஷுவா பிளாக் 2006இல் வெளிப்படையாக எடுத்துச் சொன்னார்.

அடுத்தது மொழி. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. கணினி அறிவியல் பட்டம் எந்த மொழியில் இருக்கவேண்டும் என்பது நீண்ட விவாதம். உங்கள் ஆய்வகத்தில் அது முடிவாக வேண்டியதில்லை. ஆனால் ஒரு மாணவர் தன் நிரலை விளக்கும்போது பாயின்டர், ஸ்டாக், அர்ரே போன்ற சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தமிழில் சொல்வதற்கு எந்தத் தடையும் இருக்கக்கூடாது. ஆங்கிலத்தில் தடுமாறுகிறார் என்பதற்காகச் சிந்திக்கத் தெரியாதவர் என்று முடிவு கட்டப்பட்ட பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். முதலில் தமிழில் தெளிவாகச் சொல்லட்டும். பிறகு அதையே நான்கு ஆங்கில வாக்கியங்களில் எழுதட்டும். தேர்வுக்கும் நேர்காணலுக்கும் அந்தப் பயிற்சி உதவும். தமிழைக் கொண்டே நல்ல ஆய்வகப் பயிற்சிகளும் தரலாம். ‘திருவாரூர்’ என்பதில் நம் கணக்குக்கு ஐந்து எழுத்துகள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் பத்துக் குறியீடுகள். அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் முப்பது பைட்டுகள். அதைத் தலைகீழாகத் திருப்பி அச்சிடும் நிரலை எழுதச் சொன்னால், காலும் மற்றத் துணைக்குறிகளும் தத்தம் எழுத்தை விட்டுப் பிரிந்து வேறு எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். மனப்பாடம் செய்த நிரல் இங்கே உதவாது.

இயக்க முறைமைப் பாடத்தைப் பலர் வெறும் கோட்பாடாகவே நடத்திவிடுகிறார்கள். இது தேவையற்ற இழப்பு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2006இல் தன் மாணவர்களுக்காக உருவாக்கிய எக்ஸ்வி6 என்ற சிறிய இயக்க முறைமை, யுனிக்ஸின் ஆறாம் பதிப்பை அடியொற்றியது; பத்தாயிரம் வரிகளுக்குள் அடங்குவது; இலவசமாகக் கிடைப்பது; ஒரு கணினியை மென்பொருளாகவே நடித்துக்காட்டும் எமுலேட்டரின் உதவியால் உங்கள் ஆய்வகத்துப் பழைய கணினிகளிலும் ஓடக்கூடியது. முழுவதையும் படிக்கவேண்டாம். எந்த வேலைக்கு அடுத்து பிராசஸரைக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர் பகுதியை மட்டும் வகுப்பில் வரிவரியாகப் படியுங்கள். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ரவுண்ட் ராபின் என்பது புதிய செய்தி அல்ல. தலைமடைக்கே எப்போதும் முன்னுரிமை என்றால் கடைமடை காயும் என்பதைத்தான் அந்தப் பாடம் ஸ்டார்வேஷன் என்கிறது. நெடுநேரம் காத்திருக்கும் வேலையின் முன்னுரிமையைப் படிப்படியாக உயர்த்தும் ஏஜிங் முறை அதற்குத் தீர்வாக ஏன் அமைகிறது என்று கேளுங்கள், அவர்களே வாதாடுவார்கள்.

விலைக்கு வாங்கும் புராஜெக்டைப் பொறுத்தவரை, தலைப்பு அயலில் இருந்து வரும்வரை வேலையும் அயலில் இருந்துதான் வரும் என்பது என் முடிவு. நம் ஊரில் நடக்கும் ஒன்றைத் தலைப்பாக்குங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை எடுத்துக்கொள்ளலாம். ஈரப்பதத்தின் வழக்கமான வரம்பு 17 சதவீதம். மழைக் காலங்களில் மத்திய அரசு அதைத் தளர்த்துவதும் உண்டு. எந்த விவசாயி எப்போது வந்தார், ஈரப்பதம் எவ்வளவு இருந்தது, எத்தனை நாள் காத்திருந்தார், எத்தனை மூட்டை எடை போடப்பட்டது என்பதைப் பதிவு செய்யும் எளிய மென்பொருளை இருவர் சேர்ந்து எழுதட்டும். எடையைப் பதிந்து, பட்டியல் போடுவதற்குள் மின்சாரம் போய்விட்டால் என்ன ஆகும்? தரவுத்தளப் பாடத்தில் 13 மதிப்பெண்ணுக்கு உருப்போடும் டிரான்ஸாக்ஷன், அதாவது எல்லாப் படிகளும் முடியவேண்டும் இல்லையேல் எதுவுமே நடக்காததாக வேண்டும் என்பது, இந்தக் கேள்விக்கான விடைதான். விதி தளர்த்தப்படும் நாளில் நிரலின் எத்தனை இடங்களில் 17 என்ற எண்ணை மாற்ற வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். அது ஒரே இடமாக இருந்தால் அவர்களுக்கு வடிவமைப்புப் புரிந்துவிட்டது. இந்த அளவுக்குச் சிறிய, உள்ளூர்ச் சிக்கலுக்கு எந்தப் புராஜெக்ட் சென்டரிலும் தயார்ச் சரக்கு இருக்காது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைத் தடை செய்வது நடவாத காரியம். நிரல் எங்கிருந்து வந்தாலும் அதை விளக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். முப்பது பேர் கொண்ட குழுவில் ஒவ்வோர் ஆய்வக வகுப்பிலும் ஆறு பேரை அழைத்து, ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசினால் அரை மணி நேரம் ஆகும். ஐந்து வாரங்களில் அனைவரையும் ஒரு சுற்று பார்த்துவிடலாம், பருவத்துக்கு இரண்டு சுற்றுகள் தாராளமாக முடியும். அவர்களுடைய நிரலிலேயே ஒரு வரியை அழித்துவிட்டு, இப்போது என்ன ஆகும் என்று கேளுங்கள். அகமதிப்பீட்டின் பெரும்பகுதியை இதற்கு ஒதுக்குங்கள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகளை முதல் சுற்றில் தோழியோடோ தோழனோடோ சேர்த்து இருவராக அழையுங்கள். பயம் தெளிந்தபின் தனியாகக் கேட்கலாம்.

எல்லாப் பாடங்களிலும் ஒரே பருவத்தில் இறங்கவேண்டாம். இரண்டாம் ஆண்டுத் தரவுக் கட்டமைப்பு ஆய்வகம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளித்தேர்வாளர் ரெக்கார்டு நோட்டைக் கேட்பார், ஆகவே அதை நிறுத்தவேண்டாம். நிரலுக்குக் கீழே, முதலில் எதை எதிர்பார்த்தேன், என்ன வந்தது, ஏன் என்ற மூன்று வரிகளைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ சேர்த்து எழுதச் சொல்லுங்கள். உங்கள் முதல்வர் தேர்ச்சி விகிதம் குறையுமோ என்று அஞ்சினால், முதல் அகத்தேர்வு முடியும்வரை அவகாசம் கேளுங்கள்; அந்தத் தாள்களோடு மாணவர்கள் எழுதிய மூன்று வரிகளையும் அவர் மேசையில் வையுங்கள். இயக்க முறைமையில் உங்களுக்கே தயக்கம் இருந்தால், ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் தளத்தில் அந்தப் பாடத்தின் விரிவுரைகள் இருக்கின்றன. வரும் விடுமுறையில் அவற்றைக் கேட்டு, எக்ஸ்வி6இன் ஷெட்யூலரை நீங்கள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.