பார்லர் செலவை வீட்டுக்குள் கொண்டுவந்தால் பணம் மிஞ்சுமா?

கேள்வி: என் சம்பளத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பார்லருக்கே போகிறது. மாதம் ஒரு ஃபேஷியல், ஒரு பெடிக்யூர், ஒரு ஹேர் ஸ்பா, இரண்டு தடவை த்ரெடிங். இனி எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துகொள்ள நினைக்கிறேன். ஸ்டீமர், முடி நீக்கும் லைட் கருவி, பெரிய ஃபேஷியல் கிட் மூன்றையும் தவணையில் வாங்கலாமா? அல்லது பார்லரில் ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி தருகிறார்களாம், அதை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். மூன்று மாதம் பொறுங்கள். அதற்குள் ஒவ்வொரு செலவையும் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். பார்லரில் நீங்கள் கொடுக்கும் பணம் க்ரீமுக்கா, கைத்திறமைக்கா, அங்கே கிடைக்கும் ஓய்வுக்கா? விடை அதில்தான் இருக்கிறது.

பெடிக்யூரை இன்றே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். அதில் பெரும்பகுதி உழைப்புக்கான கூலி, அந்த உழைப்பை நீங்களே செய்யலாம். ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர், கால் பத்து நிமிடம் ஊறட்டும். தோல் மெத்தென்று ஆனதும் குதிகாலை ஃபைலால் மெதுவாகத் தேயுங்கள், நகத்தை நேராக வெட்டுங்கள். ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு யூரியா கலந்த க்ரீமோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவி, பருத்தி சாக்ஸ் போட்டுக்கொண்டு படுங்கள். காலையில் குதிகாலைத் தொட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். வாரம் ஒருமுறை இதைச் செய்தால், மாதம் ஒருமுறை பார்லருக்குப் போவதைவிடக் கால் நன்றாகவே இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் காலை ஊறவைக்கவும் வேண்டாம், சுரண்டவும் வேண்டாம். மருத்துவரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

ஹேர் ஸ்பாவும் அப்படித்தான். தலைக்கு வெளியே வந்துவிட்ட முடி உயிரில்லாத பொருள். அதற்கு 'ஊட்டம்' கொடுக்க முடியாது, மேலே பூச்சு கொடுத்து வழவழப்பாக்கலாம், அவ்வளவுதான். ஒரு நல்ல ஹேர் மாஸ்க், ஷவர் கேப், இருபது நிமிடம். அந்த வேலை முடிந்தது.

ஃபேஷியலுக்கு ஸ்டீமர் அவசியமில்லை. சருமத் துளைகளுக்குத் தசை கிடையாது, ஆவி பிடித்தால் திறந்து அப்புறம் மூடிக்கொள்ளும் கதவுகள் அல்ல அவை. அழுக்கை இளக்க, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டு போதும். மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை, எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து காக்கும் அளவு) 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனுக்கு ஒதுக்குங்கள். தினமும் அது தரும் பலனை மாதம் ஒரு ஃபேஷியல் தராது.

இப்போது அந்தப் பெரிய கிட். டப்பாவின் பின்புறம், மூடி திறந்த ஜாடி போல ஒரு சின்னப் படமும் அதில் '6எம்', '12எம்' என்றும் இருக்கும். திறந்தபின் அத்தனை மாதத்துக்குத்தான் நல்லது என்று பொருள். இருபது தடவைக்கு வரும் கிட்டை மாதம் ஒருமுறை பயன்படுத்துகிறீர்கள், அதில் ஆறு மாதக் குறி இருக்கிறது என்றால், விலையை இருபதால் அல்ல, ஆறால் வகுக்க வேண்டும். சின்ன அளவில் வாங்குவதுதான் இங்கே சிக்கனம்.

கருவிகளுக்கும் ஒரு கணக்கு உண்டு. கருவியின் விலை நான்கு தடவை பார்லர் போகும் செலவு என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஒவ்வொரு தடவையும் ஆகும் பொருள் செலவு, பார்லர் கட்டணத்தில் கால் பங்கு. அப்படியானால் ஒரு தடவைக்கு மிச்சம் முக்கால் பங்கு. ஆறாவது தடவைதான் போட்ட பணம் திரும்பும். தவணை வட்டி சேர்ந்தால் இன்னும் தள்ளிப்போகும். ஆறு தடவை நிச்சயம் பயன்படுத்துவீர்களா? லைட் கருவியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அது முடியின் கருமையைப் பிடித்து வேலை செய்வது. தோலும் கருமையாக இருந்தால் சூட்டைத் தோல் வாங்கிப் புண்ணாகலாம். நரைமுடியில் வேலையே செய்யாது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் தோல் நிற அட்டவணையைப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

த்ரெடிங் பார்லரிலேயே இருக்கட்டும், அது கைத்திறமை. அமிலம் தடவித் தோலின் மேலடுக்கை உரிக்கும் கெமிக்கல் பீல் செய்யும் எண்ணம் வந்தால் தோல் மருத்துவரிடம் போங்கள். முடிக்குச் சாயம் பூசினால் 48 மணி நேரம் முன்பே பேட்ச் டெஸ்ட் செய்யுங்கள், அதாவது கொஞ்சம் சாயத்தைத் தோலில் தடவி ஒத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்க்காதீர்கள். அதன் பிஎச் அளவு 2-ஐ ஒட்டியது, சருமத்தினுடையது 5 வாக்கில்; இந்த எண் குறையக் குறைய அமிலத்தன்மை அதிகம். அதோடு வெயிலில் போனால் கொப்பளித்துக் கறுத்துவிடலாம். அப்படி ஒரு மருத்துவச் செலவு வந்தால் பல மாதச் சேமிப்பு அதிலேயே போய்விடும்.

வருட பேக்கேஜ் என்பது கடைக்கு நீங்கள் கொடுக்கும் வட்டியில்லாக் கடன். கடை மூடிவிட்டால் பணம் திரும்பி வருவது கஷ்டம். அதுவும் பாதியை வீட்டில் செய்யப்போகும் உங்களுக்குத் தள்ளுபடியால் என்ன பயன்?

சரி, மிச்சமான பணம் எங்கே? பலர் கோட்டை விடுவது இங்கேதான். பார்லர் போகவில்லை என்பதால் மட்டும் பணம் சேர்ந்துவிடாது, வேறு எதிலாவது கரைந்துவிடும். கால் பேசினில் ஊறும் அந்தப் பத்து நிமிடத்திலேயே, பெடிக்யூருக்குக் கொடுத்திருக்கக்கூடிய தொகையைத் தனிச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மூன்று மாதம் கழித்தும் ஒரு கருவி வேண்டும் என்று தோன்றினால், அந்தக் கணக்கிலிருந்தே முழுப் பணம் கொடுத்து வாங்குங்கள்.

ஒருவேளை அந்த ஃபேஷியல் நேரம்தான் மாதத்தில் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு என்றால், அதைக் குறைக்க நான் சொல்ல மாட்டேன். பெடிக்யூரையும் ஹேர் ஸ்பாவையும் மட்டும் வீட்டுக்கு மாற்றுங்கள், ஃபேஷியலை 'எனக்காக' என்று தனித் தலைப்பிட்டு பட்ஜெட்டில் எழுதி வையுங்கள்.