வாசகர் கேள்வி–பதில்: வீட்டுப் பட்டறையில் டூ-ஸ்ட்ரோக் பந்தய எஞ்சின்

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினைப் பந்தயத்துக்குத் தயார் செய்வது குறித்துச் சென்னை வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில், ஒன்றோடொன்று தொடர்புடைய சிலவற்றுக்கு இம்முறை விடை அளிக்கிறோம்.

கேள்வி: யமஹா ஆர்.எக்ஸ்.100 வண்டியை இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் ஓட்டுவதற்காகத் தயார் செய்கிறேன். எக்ஸாஸ்ட் போர்ட்டை (சிலிண்டர் சுவரில் புகை வெளியேறும் துளை) 2 மி.மீ. உயர்த்தினால் போதும், வண்டி பறக்கும் என்கிறார் எங்கள் பகுதி மெக்கானிக். செய்யலாமா?
— வாசகர், கொளத்தூர்

பதில்: அந்த 2 மி.மீ. எந்த அளவிலிருந்து கூடுகிறது என்பதை முதலில் அவரிடம் கேளுங்கள். போர்ட்டின் உயரத்தை மில்லிமீட்டரில் பேசுவதால் அதிகப் பயனில்லை. கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) ஒரு சுற்றுச் சுற்றுகையில் அந்தப் போர்ட் எத்தனை டிகிரி திறந்திருக்கிறது என்பதே எஞ்சினின் குணத்தை முடிவு செய்கிறது. உங்கள் எஞ்சினின் போரும் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ.தான். பிஸ்டனைக் கிராங்க்குடன் இணைக்கும் கனெக்டிங் ராடின் நீளம் 100 மி.மீ. என்று வைத்துக் கணக்கிட்டால், பிஸ்டன் உச்சியிலிருந்து 28.2 மி.மீ. இறங்கியதும் திறக்கும் எக்ஸாஸ்ட் போர்ட் மொத்தம் 180 டிகிரி திறந்திருக்கும்; 26 மி.மீ. இறங்கியதுமே திறக்குமானால் அது 190 டிகிரி. ஆகவே 1 மி.மீ. குடைந்தால் சுமார் 4.5 டிகிரி கூடுகிறது, உங்கள் மெக்கானிக் சொல்லும் 2 மி.மீ. ஏறத்தாழ 9 டிகிரி. சாலை வண்டிகளில் இந்த அளவு பெரும்பாலும் 170-இலிருந்து 180 வரையிலும், சாலைப்பந்தய எஞ்சின்களில் 190-இலிருந்து 200 வரையிலும் இருக்கும். உங்கள் பிளாக் (சிலிண்டர்) கம்பெனி நிலையிலேயே இருந்தால் 9 டிகிரி ஒரு நியாயமான முதல் அடிதான். ஆனால் புதுப்பேட்டையில் வாங்கிய பழைய பிளாக் என்றால், உங்களுக்கு முன்பே இரண்டு கைகள் அதைக் குடைந்திருக்கக்கூடும். அதன்மேல் இன்னும் 2 மி.மீ. என்பது பிளாக்கையே பாழாக்கிவிடும்.

அளப்பது கடினமன்று. பழைய ஸ்பார்க் பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, அதன் கூட்டில் ஒரு போல்ட்டை வெல்டு செய்தால் பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் கருவி தயாராகிவிடும். கிராங்கில் டிகிரி வட்டை மாட்டி, பிஸ்டன் அந்தப் போல்ட்டில் முட்டும் வரை முன்னும் பின்னுமாகச் சுற்றி, இரு அளவுகளுக்கும் நடுப்புள்ளியைக் குறித்தால் அதுவே உண்மையான உச்சி. கண்ணால் பார்த்து உச்சியைக் குறிப்பவர்கள் இரண்டு மூன்று டிகிரி தவறிவிடுவார்கள், ஏனெனில் உச்சிக்கு அருகில் பிஸ்டன் நகர்வதே தெரியாது. அடுத்து, போரின் உட்சுவரில் ஒரு தாளைச் சுற்றி ஒட்டவைத்துப் பென்சிலால் தேய்த்தால் எல்லாப் போர்ட்டுகளின் வடிவமும் அதில் பதிந்துவிடும். கிரைண்டரைக் கையில் எடுக்கும் முன் அந்தத் தாள் உங்கள் மேசைமேல் இருக்க வேண்டும்.

உயரத்தைவிட அகலத்தில் கைவைப்பதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். அகலம் கூடினால் பிஸ்டனை அழுத்தும் பவர் ஸ்ட்ரோக்கைக் குறைக்காமலேயே புகை வெளியேற வழி கிடைக்கும். அதற்கும் எல்லை உண்டு: நடுவில் தடுப்பில்லாத ஒற்றைப் போர்ட்டில் நேர்க்கோட்டு அகலம் போரின் 62 விழுக்காடு வரை, அதாவது 31 மி.மீ. வரை அச்சமின்றிப் போகலாம். 70 விழுக்காட்டை நெருங்கினால் பிஸ்டன் ரிங் வெளியே பிதுங்கிப் போர்ட்டின் விளிம்பில் மாட்டும். மேல் விளிம்பை நேராக வெட்டாமல் வளைவாக விடுவதும், குடைந்து முடித்தபின் எல்லா விளிம்புகளையும் சரிவாகத் தேய்த்துவிடுவதும் ரிங்கின் ஆயுளுக்கு அவசியம். புதுக் கலவை சிலிண்டருக்குள் வரும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டுகளின் உட்பகுதியைத் தொட வேண்டாம். அங்கே வளைந்த தலை கொண்ட கிரைண்டர் இல்லாமல் நேராகக் குடைய முடியாது, இரு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் புதுக் கலவை ஒரு சுவரில் மோதிப் புகையோடு சேர்ந்து வெளியேறும்.

கேள்வி: குடைவதற்குப் பதிலாகப் பிளாக்குக்கு அடியில் 1 மி.மீ. அலுமினியப் பேக்கிங் வைத்துத் தூக்கிவிட்டால் என்ன?
— வாசகர், அம்பத்தூர்

பதில்: பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிடலாம் என்பதால் தொடங்குபவர்களுக்கு இது நல்ல வழியே. ஆயினும் பிளாக்கைத் தூக்கும்போது எல்லாப் போர்ட்டுகளும் ஒரே அளவு உயர்ந்தாலும் டிகிரியில் ஒரே அளவு உயர்வதில்லை. முன் சொன்ன அதே எஞ்சினில் 1 மி.மீ. தூக்கினால் எக்ஸாஸ்ட்டுக்கு 4.5 டிகிரி கூடும்போது, பிஸ்டன் மெதுவாக நகரும் கீழ்ப்பகுதியில் இருக்கும் டிரான்ஸ்ஃபருக்கு 6 டிகிரி கூடிவிடும். எக்ஸாஸ்ட் திறந்தபின் டிரான்ஸ்ஃபர் திறக்கும் வரை சிலிண்டரின் அழுத்தம் தணிவதற்குக் கிடைக்கும் இடைவெளி இதனால் சற்றுச் சுருங்குகிறது. வேகம் கூட்ட நினைப்பவருக்கு அந்த இடைவெளி கூடத்தான் வேண்டும். எனவே பேக்கிங் வைத்தாலும் எக்ஸாஸ்ட்டின் மேல் விளிம்பில் சிறிது குடையவே நேரும்.

தூக்கிய அளவுக்கு ஹெட்டையோ (சிலிண்டரின் மேல்மூடி) பிளாக்கின் மேல்முகத்தையோ லேத்தில் சீவவும் மறக்காதீர்கள். சீவியபின் பிஸ்டன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளியை, பிஸ்டன் பின் இருக்கும் திசையில் இருபுறமும் மென்மையான ஈயக்கம்பியை விட்டு நசுக்கி வெர்னியரால் அளக்க வேண்டும். இவ்வளவு சிறிய எஞ்சினுக்கு 0.7-இலிருந்து 1 மி.மீ. வரை இருக்கலாம்.

கேள்வி: எக்ஸ்பான்ஷன் சேம்பர் எனப்படும் வயிறு பெருத்த சைலன்சர் உண்மையிலேயே சக்தியைக் கூட்டுகிறதா, அல்லது சத்தத்துக்காகவா? அதை வீட்டில் செய்ய முடியுமா?
— வாசகர், மயிலாப்பூர்

பதில்: டூ-ஸ்ட்ரோக் பந்தய எஞ்சினின் வரலாற்றில் இதைவிடப் பெரிய பாய்ச்சல் ஒன்று இல்லை என்பது என் கருத்து. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் பொறியாளராக இருந்த வால்டர் காடன், இந்தக் குழாயையும், கலவை உள்ளே வருவதைக் கட்டுப்படுத்தும் சுழல்தட்டு வால்வையும் பொறுமையாகச் செம்மைப்படுத்தி, 1961-இல் 125 சி.சி. எஞ்சினிலிருந்து 25 குதிரைத்திறனை, அதாவது லிட்டருக்கு 200 என்ற கணக்கில், எடுத்துக்காட்டினார். அவ்வாண்டே அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கு நாடுகளுக்குத் தப்பிச் சென்று சுஸுகியில் சேர்ந்தார். 1962-இல் 50 சி.சி. உலகப்பட்டத்தைச் சுஸுகி வென்றது. நம் ஊர்ப் பட்டறைகளில் உருளும் கூம்புகள் எல்லாம் அந்த வழியில் வந்தவையே.

போர்ட் திறந்ததும் குழாய்க்குள் பாயும் அழுத்த அலை, விரியும் கூம்பில் எதிர்மறை அலையாகத் திரும்பி வந்து எஞ்சிய புகையை உறிஞ்சுகிறது. பின்னால் குறுகும் கூம்பில் மோதிய பகுதி அழுத்தமாகத் திரும்பி, வெளியே வழிந்துவிட்ட புதுக் கலவையைப் படிக்கட்டில் தொங்குபவர்களை உள்ளே தள்ளும் பேருந்து நடத்துநரைப் போலச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அது போர்ட் மூடுவதற்குச் சற்று முன்னால் வந்து சேர வேண்டும் என்பதுதான் கணக்கு. 9000 ஆர்.பி.எம்.மில் 180 டிகிரி கடக்க ஒரு நொடியின் முந்நூறில் ஒரு பங்கு ஆகிறது. சூடான புகையில் அலையின் வேகத்தை நொடிக்கு 510 மீட்டர் என்று கொண்டால் அந்நேரத்தில் அது 1.7 மீட்டர் ஓடும்; போக வர என்பதால் பாதி, அதாவது 85 செ.மீ. ஆகும். பிஸ்டன் முகத்திலிருந்து பின்கூம்பின் நடுப்பகுதி வரை உள்ள தூரம் இது. எக்ஸாஸ்ட்டை 190 டிகிரிக்கு உயர்த்திவிட்டுப் பழைய சைலன்சரையே மாட்டினால் ஏன் வண்டி முன்பைவிடச் சோம்பலாகிறது என்பது இதிலிருந்தே விளங்கும். போர்ட், குழாய், கார்புரேட்டர் எல்லாம் ஒரே ஆர்.பி.எம்.மைக் குறிவைக்க வேண்டும், எந்த ஆர்.பி.எம். என்பதைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

கூம்பைத் தகட்டில் வரைவது பள்ளிக் கணிதம்தான். ஒரு முனை 40 மி.மீ., மறுமுனை 80 மி.மீ. விட்டமும், சரிவு நீளம் 200 மி.மீ.யும் கொண்ட கூம்புக்கு, 400 மி.மீ. ஆரத்தில் வெளி வில்லையும் 200 மி.மீ. ஆரத்தில் உள் வில்லையும் 36 டிகிரி அளவுக்கு வரைந்து வெட்டினால் போதும். சுமார் 1 மி.மீ. கனமுள்ள சி.ஆர். (குளிர்நிலையில் உருட்டிய எஃகு) தகடு கையால் வளைக்க ஏற்றது. வெல்டிங் பழகாதவர்கள் அதை மட்டும் நல்ல டிங்கரிங் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். கடைசியில் வரும் மெல்லிய வால்குழாயை அளவுக்கு மீறிச் சிறிதாக்கினால் சூடு வெளியேறாமல் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்.

கேள்வி: பெங்களூரில் ஒருவர் டியூன் செய்து கொடுத்த எஞ்சின் அங்கே அருமையாக ஓடியது. சென்னையில் நீண்ட நேர்பாதையில் முழு ஆக்ஸிலரேட்டரில் சீஸ் (சூட்டில் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப்போதல்) ஆகிவிட்டது. டியூன் செய்தவர் ஏமாற்றிவிட்டாரா?
— வாசகர், தாம்பரம்

பதில்: அவரைக் குறை சொல்வதற்கு முன் காற்றைக் கணக்கில் எடுங்கள். பெங்களூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெப்பநிலை ஒன்றாக இருந்தால் சென்னையின் காற்று அதைவிட 10 அல்லது 11 விழுக்காடு அடர்த்தியானது. காற்று அவ்வளவு கூடும்போது கார்புரேட்டர் தானாகக் கூட்டித் தரும் பெட்ரோல் அதில் ஏறக்குறைய பாதிதான். மீதிக் குறையை மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளைத் திருகு) மாற்றித்தான் ஈடுகட்ட முடியும். சென்னைக்குள்ளேயே மே மாத மதியத்தில் சரிபார்த்த ஜெட் மார்கழிக் காலையில் சற்றுப் போதாமல் போகும். இதோடு 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலும் சேர்ந்துகொள்கிறது: கலப்பில்லாத பெட்ரோலின் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று தேவை என்றால் இதற்கு 13.5 பங்கே போதும், ஆகவே அதே காற்றுக்குச் சுமார் 9 விழுக்காடு அதிக எரிபொருள் செல்ல வேண்டும். பெரிய ஜெட்டில் தொடங்கி, முழு ஆக்ஸிலரேட்டரில் ஓட்டி, கிளட்சைப் பிடித்தபடியே எஞ்சினை அணைத்து, பிளக்கின் பீங்கான் அடிவளையத்தைப் பார்த்து, ஒவ்வோர் எண்ணாகக் கீழே வாருங்கள்.

ஜெட்டை மாற்றியும் தீரவில்லை என்றால் கிராங்க் ஆயில் சீலை (கிராங்க் அறையில் காற்று கசியாமல் காக்கும் ரப்பர் வளையம்) சந்தேகியுங்கள். எக்ஸாஸ்ட்டையும் இன்டேக்கையும் ரப்பர் வைத்து அடைத்துவிட்டு, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பம்பையும் மீட்டரையும் பிளக் துளையில் இணைத்து 300 வரை ஏற்றுங்கள். அது ஏறத்தாழ 0.4 பார். ஐந்து நிமிடத்தில் முள் கணிசமாக இறங்கினால் சோப்பு நீரைத் தடவிக் கசிவைக் கண்டுபிடிக்கலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் இந்தக் கருவி, பட்டறையில் நான் மிகவும் மதிக்கும் கருவிகளில் ஒன்று.

கேள்வி: ஆமணக்கு எண்ணெய் கலந்து ஓட்டுவது இன்னும் நல்லதா?
— வாசகர், வேளச்சேரி

பதில்: சோழவரம் விமான ஓடுபாதைப் பந்தயக் காலத்தின் மணம் அது, கடும் சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாது என்பதும் உண்மை. ஆனால் ரிங் பள்ளங்களில் பசையாகப் படியும் என்பதால் அடிக்கடி கழற்றிச் சுத்தம் செய்பவர்களுக்கே பொருந்தும். மற்றவர்களுக்கு ஜாசோ எஃப்.டி. எனும் ஜப்பானியத் தரத்து டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் போதும்: 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மி.லி. ஆகும். எண்ணெயைக் கூட்டினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறையும் என்பதால் ஜெட்டையும் மறுபடி பார்க்க வேண்டும்.

கேள்வி: தயாரான வண்டியைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமா?
— வாசகர், திருவான்மியூர்

பதில்: கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். 8000 ஆர்.பி.எம்.மில் விழித்தெழும் எஞ்சினைச் சாலை நெரிசலில் சோதிப்பதால் எதுவும் தெரியவும் தெரியாது. பெட்ரோலை வடித்துவிட்டு வண்டியைக் குட்டி யானை வேனில் ஏற்றி, பயிற்சி நாளில் தடத்துக்கே கொண்டுபோங்கள். ஜெட் பெட்டியையும் இரண்டு புதுப் பிளக்குகளையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.