சர்வர் சந்தேகங்கள்: தேவையானதை மட்டும் நிறுவுங்கள்

இந்த முறை பெங்களூரு வாசகர்களின் கேள்விகள். எல்லாமே டெஸ்க்டாப் திரை இல்லாமல் ஓடும் சின்ன லினக்ஸ் சர்வர்களைப் பற்றியவை. கட்டளைகளை ஒலிப்பில் அச்சிட்டிருக்கிறோம்; தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்ரீராமபுரத்தில் ஆடிட்டர் ஆபீஸ் வைத்திருக்கிறோம். எஸ்.பி. ரோட்டில் பழைய ஐ5 டெஸ்க்டாப் ஒன்று வாங்கினோம். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. ஆறு பேருக்குப் பொதுவான ஃபைல் சர்வராக்க வேண்டும். எந்த ஓஎஸ் போடுவது, எதையெல்லாம் டிக் செய்வது?

டெபியன் போடுங்கள். அதன் நெட்இன்ஸ்ட் இமேஜ் 1 ஜிபிக்குள்தான் வரும். மீதியை நிறுவும்போதே நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளும். அதனால் லேன் கேபிளைச் செருகிவிட்டு ஆரம்பியுங்கள். வைஃபையில் நிறுவினால் பிறகு கேபிளுக்கு மாறும்போது நெட்வொர்க் செட்டிங்கைக் கையால் திருத்த வேண்டிவரும்.

ரூட் (முழு அதிகாரமுள்ள நிர்வாகக் கணக்கு) பாஸ்வேர்டு கேட்கும் திரையில் எதுவும் தட்டாமல் காலியாக விட்டுத் தாண்டுங்கள். அப்படி விட்டால்தான் சூடோ (சாதாரண யூசர் நிர்வாக உரிமையோடு கட்டளை ஓட்டும் வழி) தானாக நிறுவப்பட்டு, நீங்கள் உருவாக்கும் முதல் யூசருக்கு அந்த உரிமை கிடைக்கும். ரூட்டுக்குப் பாஸ்வேர்டு கொடுத்துவிட்டு, 'சூடோ கட்டளையே இல்லை என்கிறதே' என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் ஏராளம்.

டிஸ்க்கைப் பிரிக்கும்போது வார், டெம்ப் போன்ற சிஸ்டம் ஃபோல்டர்கள் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்துத் தரும் தானியங்கி வழியை எடுக்காதீர்கள். வார் பகுதிக்கு அது ஒதுக்கும் இடம் பல நேரம் போதாமல் போய்விடும். கையாலேயே பிரியுங்கள்: பூட்டுக்கான இஎஃப்ஐ பகுதிக்கு 512 எம்பி, ரூட்டுக்கு (இங்கே ரூட் என்பது கணக்கல்ல, சிஸ்டம் இருக்கும் '/' பகுதி) 30 ஜிபி, ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும் இடம்) 4 ஜிபி, மிச்சம் மொத்தமும் எஸ்ஆர்வி ஃபோல்டருக்கு. ஆபீஸ் ஃபைல்கள் இந்த எஸ்ஆர்வியில் இருக்கட்டும். யாராவது ஸ்கேன் ஃபைல்களைக் கொட்டி அதை நிரப்பினாலும் சிஸ்டம் படுக்காது.

கடைசியாக மென்பொருள் தேர்வுத் திரை. அதில் டெஸ்க்டாப்பும் க்னோம் என்ற அதன் திரையமைப்பும் ஏற்கெனவே டிக் ஆகியிருக்கும். டிக்கை எடுக்க ஸ்பேஸ் பார். என்டர் தட்டினால் அடுத்த திரைக்குப் போய்விடும், அவ்வளவுதான், க்னோம் மொத்தமும் இறங்க ஆரம்பித்துவிடும். எஸ்எஸ்ஹெச் சர்வர் (வேறு மெஷினிலிருந்து உள்ளே நுழைய), அடிப்படைக் கருவிகள் இரண்டில் மட்டும் டிக் இருக்கட்டும், மற்றதை எடுத்துவிடுங்கள்.

நிறுவி முடித்ததும் 'எஸ்எஸ் -டிஎல்என்பி' தட்டிப் பாருங்கள். வெளியிலிருந்து வரும் இணைப்புக்குக் காத்திருப்பதாக 22ஆம் போர்ட் ஒன்றுதான் தெரிய வேண்டும். டிஸ்க்கில் கொஞ்சம் இடம் மிச்சமாவதற்காக யாரும் இப்படித் தேவையானதை மட்டும் (மினிமல்) போடுவதில்லை. எது ஓடுகிறது, எதற்கு அப்டேட் வேண்டும் என்பது ஒரு திரையில் அடங்க வேண்டும், அதற்காகத்தான்.

பிறகு, விண்டோஸ் மெஷின்களுக்கு ஃபைல்களைப் பகிரும் சாம்பா. இங்கே எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. லினக்ஸ் பாஸ்வேர்டு வேறு, சாம்பா பாஸ்வேர்டு வேறு. யூசரை உருவாக்கிய பின் 'எஸ்எம்பிபாஸ்வேர்டு -ஏ' கட்டளையால் (ஆங்கிலத்தில் தட்டும்போது அதன் வால் வெறும் 'பாஸ்டபிள்யூடி' தான்) ஒவ்வொருவரையும் தனியாகச் சேர்க்காவிட்டால், சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும் விண்டோஸ் உள்ளே விடாது. கான்ஃபிக் ஃபைலைத் திருத்தும்போதெல்லாம் 'டெஸ்ட்பார்ம்' ஓட்டி எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வேலை லினக்ஸுக்கு வெளியே இருக்கிறது. ரவுட்டரில் இந்த மெஷினுக்கு ஒரே ஐபி கிடைக்கும்படி ரிசர்வ் செய்யுங்கள். பயாஸில் மின்சாரம் திரும்பியதும் தானாக ஆன் ஆகும் செட்டிங்கைப் போடுங்கள். பெஸ்காம் கரண்ட் போய் வந்த பிறகு பட்டனை அமுக்க ஆள் தேடக் கூடாது, இல்லையா?

புது 1 டிபி டிஸ்க் வாங்கி உபுண்டு சர்வர் போட்டேன். 'டிஎஃப் -எச்' தட்டினால் 98 ஜிபி என்றுதான் காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (பீன்யா வாசகர்)

அவர் மேல் பழி போடாதீர்கள். உபுண்டு சர்வர் இன்ஸ்டாலர் வழக்கமாக எல்விஎம் (பகுதிகளின் அளவைப் பின்னால் மாற்ற வசதி தரும்) முறையில் டிஸ்க்கைப் பிரிக்கிறது. 200 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க் என்றால் ரூட்டுக்கு 100 ஜிபி மட்டும் கொடுத்துவிட்டு மிச்சத்தை வால்யூம் குரூப் என்ற பொதுத் தொகுப்பில் காலியாக வைத்துக்கொள்ளும். பின்னால் ஸ்னாப்ஷாட் எடுக்கவோ வேறு பகுதி உருவாக்கவோ இடம் இருக்கட்டும் என்ற எண்ணம்தான்.

'சூடோ விஜிஎஸ்' தட்டினால் காலி இடம் எவ்வளவு என்று தெரியும். அதில் 300 ஜிபியை ரூட்டுக்குச் சேர்க்க, 'எல்விஎக்ஸ்டெண்ட்' கட்டளையில் '-ஆர் -எல் +300ஜி' போட்டு, பின்னால் எல்வியின் (அதாவது அந்த ரூட் பகுதியின்) பாதையைக் கொடுங்கள். இந்த எல் பெரிய எழுத்து. '-ஆர்' விட்டுப்போனால் எல்வி பெருக்கும், உள்ளே இருக்கும் ஃபைல் சிஸ்டம் பெருக்காது. டிஎஃப் பழைய கணக்கையே காட்டும். ஃபைல் சிஸ்டம் இஎக்ஸ்டி4 வகை என்றால் சர்வரை நிறுத்தாமலே இதைச் செய்யலாம். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொடுத்துவிடாதீர்கள். கூட்டுவது ஒரு நிமிட வேலை. குறைப்பதென்றால் ரூட்டை அன்மவுண்ட் செய்தாக வேண்டும், அதாவது இணைப்பிலிருந்து கழற்ற வேண்டும்.

உபுண்டுவில் மினிமைஸ்டு என்பதைத் தேர்ந்தெடுத்தேன். பிங் கூட இல்லை. எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிடலாமா? (மாரத்தஹள்ளி வாசகி)

வேண்டாம். அந்தத் தேர்வு மனிதர் உள்ளே வந்து வேலை செய்யாத மெஷினுக்கானது. 'ஐபியூட்டில்ஸ்-பிங்', 'நானோ', 'லெஸ்' மூன்றையும் நிறுவுங்கள், போதும். எச்டிடிபிஎஸ் முகவரியிலிருந்து இறக்கும்போது சான்றிதழ் பிழை வந்தால் 'சிஏ-சர்ட்டிஃபிகேட்ஸ்' பேக்கேஜ் இல்லை என்று அர்த்தம், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போய் வந்தது. டெபியன் சர்வர் ஆன் ஆகிறது, ஃபேன் சுற்றுகிறது, நெட்வொர்க்கில் மட்டும் காணோம். மானிட்டர் மாட்டினால் ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி நிற்கிறது. முந்தின நாள் பேக்கப் யூஎஸ்பி டிஸ்க்கை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தோம். (விவேக் நகர் வாசகர்)

கேள்வியின் கடைசி வரியில் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்ற பட்டியலான எஃப்எஸ்டேப் ஃபைலில் அந்த யூஎஸ்பி டிஸ்க்கைச் சேர்த்திருக்கிறீர்கள். பூட் ஆகும்போது எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி அதை 90 விநாடி தேடும். கிடைக்காவிட்டால் பூட்டை நிறுத்தி அவசர நிலைக்குப் போய்விடும். அங்கே ரூட் பாஸ்வேர்டு வேண்டும். நாம் ரூட்டைக் காலியாக விட்டு நிறுவியதால் அந்தக் கதவும் பூட்டு. அதற்காக ரூட் பாஸ்வேர்டு வைக்கத் தேவையில்லை. எஃப்எஸ்டேப்பைச் சரியாக எழுதினால் போதும்.

இப்போதைக்கு டிஸ்க்கைக் கொண்டுவந்து செருகி ரீபூட் செய்தாலே சர்வர் வந்துவிடும். டிஸ்க் கையில் இல்லை என்றால், கிரப் (பூட் தேர்வு) மெனு வந்ததும் 'இ' அமுக்கி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 'இனிட்=/பின்/பாஷ்' சேர்த்து எஃப்10 அமுக்குங்கள். பாஸ்வேர்டு கேட்காமல் ஷெல் கிடைக்கும். ரூட் அப்போது எழுத முடியாத நிலையில் இருக்கும். 'மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /' தட்டிய பிறகு எஃப்எஸ்டேப்பில் அந்த யூஎஸ்பி வரியின் முன்னால் # போட்டுச் சேமியுங்கள். 'சிங்க்' தட்டி, 'ரீபூட் -எஃப்'. (மெஷினுக்கு முன்னால் உட்கார முடிகிற எவரும் இதைச் செய்யலாம் என்பதையும் கவனியுங்கள். சர்வர் வரவேற்பறை மேஜைக்கு அடியில் இருக்க வேண்டாம்.)

நிரந்தரத் தீர்வுக்கு அந்த வரியில் டிஸ்க்கை எஸ்டிபி1 என்று குறிக்காமல், 'பிஎல்கேஐடி' காட்டும் யூயூஐடியால் (அந்த டிஸ்க்குக்கே உரிய அடையாள எண்) குறியுங்கள். வேறொரு பென் டிரைவைச் செருகினால் எஸ்டிபி என்ற பெயர் அதற்குப் போய்விடக்கூடும். ஆப்ஷன்களில் 'நோஃபெயில்' (டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் தொடரட்டும்) சேருங்கள். திருத்தியதும் 'ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை' ஓட்டினால் பிழையை ரீபூட்டுக்கு முன்பே சொல்லிவிடும்.

நோஃபெயில் போட்டால் வேறொரு வம்பு வரும். டிஸ்க் இல்லாமல் பூட் ஆன அன்றும் இரவு பேக்கப் ஸ்கிரிப்ட் வழக்கம்போல ஓடும். டிஸ்க் மவுண்ட் ஆகாத (இணையாத) காலி ஃபோல்டரில், ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் எழுதிக்கொண்டே போய் 30 ஜிபி ரூட்டை நிரப்பிவிடும். ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே 'மவுண்ட்பாயிண்ட் -க்யூ' கொண்டு சோதித்து, மவுண்ட் ஆகவில்லை என்றால் அங்கேயே வெளியேறச் சொல்லுங்கள்.

மும்பை டேட்டா சென்டரில் உபுண்டு விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்) ஒன்று வாடகைக்கு எடுத்திருக்கிறேன். எஸ்எஸ்ஹெச்டி (எஸ்எஸ்ஹெச் சர்வர்) கான்ஃபிக் ஃபைலில் பாஸ்வேர்டு ஆத்தென்டிகேஷனுக்கு 'நோ' போட்டு ரீஸ்டார்ட்டும் செய்தேன். ஆனாலும் பாஸ்வேர்டு போட்டு உள்ளே வர முடிகிறது. (கே.ஆர். புரம் வாசகி)

ஒரே செட்டிங் பல இடங்களில் இருந்தால் எஸ்எஸ்ஹெச்டி முதலில் படிப்பதையே எடுத்துக்கொள்ளும். உபுண்டுவில் முதன்மை ஃபைலின் தொடக்கத்திலேயே ஓர் இன்க்ளூட் வரி இருக்கிறது. அது 'எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்.டி' ஃபோல்டரில் '.கான்ஃப்' என்று முடியும் ஃபைல்களை முதலில் இழுத்துவிடும். விபிஎஸ்களில் அங்கே '50-கிளவுட்-இனிட்' என்று ஒரு ஃபைல், உள்ளே 'யெஸ்' என்ற ஒற்றை வரியோடு அமர்ந்திருப்பது சகஜம். கீழே நீங்கள் எழுதிய 'நோ' அதற்குப் பிறகுதான் வருகிறது, அதனால் செல்லாது.

அதே ஃபோல்டரில் '01-' என்று தொடங்கும் புது ஃபைல் ஒன்றில் உங்கள் 'நோ' வரியை எழுதுங்கள். 'சூடோ எஸ்எஸ்ஹெச்டி -டி' என்று சின்ன எழுத்து டி போட்டால் எழுத்துப்பிழையைச் சொல்லும். பெரிய எழுத்து டி போட்டால், நடைமுறையில் எந்த மதிப்பு இருக்கிறது என்று பட்டியலிடும். இந்த இரண்டாவதை நம்புங்கள், ஃபைலில் எழுதியிருப்பதை அல்ல.

இதெல்லாம் முடியும்வரை இப்போது திறந்திருக்கும் விண்டோவை மூடாதீர்கள். கீயால் (பாஸ்வேர்டுக்குப் பதிலான சாவி ஃபைல்) உள்ளே வர முடிகிறதா என்று இன்னொரு விண்டோவில் பாருங்கள். கீ சரியாக இருந்தும் மறுத்தால் பெரும்பாலும் உரிமைச் சிக்கல்தான்: '.எஸ்எஸ்ஹெச்' ஃபோல்டருக்கு 700, உள்ளே இருக்கும் ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலுக்கு 600. ஹோம் ஃபோல்டரில் மற்றவர்கள் எழுத முடிந்தாலும் மறுத்துவிடும்.

யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போடுவதானால் முதலில் 'அலவ் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்', பிறகுதான் 'எனேபிள்'. டாக்கர் (மென்பொருளைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் கருவி) வைத்திருந்தால், அது வெளியிடும் போர்ட்கள் யூஎஃப்டபிள்யூவைத் தாண்டிப் போய்விடும். டேட்டாபேஸ் மாதிரியானவற்றை 127.0.0.1 (அதே மெஷினுக்குள் மட்டும் செல்லும்) முகவரியோடு சேர்த்து வெளியிடுங்கள்.

பழைய லேப்டாப்பைச் சர்வராக்கினேன். மூடியை மூடினால் தூங்கிவிடுகிறது. (ஹெப்பால் வாசகர்)

'லாகின்டி.கான்ஃப்' ஃபைலில் ஹேண்டில்லிட்ஸ்விட்ச் என்ற வரியின் # ஐ எடுத்து 'இக்னோர்' என்று மாற்றி ரீபூட் செய்யுங்கள். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள், உப்பியிருந்தால் கழற்றிவிடுங்கள்.

சென்ட்ஓஎஸ் 7 ஓடும் கோர் 2 டுவோ மெஷின் இருக்கிறது. அல்மாலினக்ஸ் 9 போடப் பார்த்தால் பூட்டே ஆகவில்லை. (சிவாஜிநகர் வாசகர்)

ஆகாது. 9ஆம் பதிப்பு எக்ஸ்86-64-வி2 வகை பிராசஸர் கேட்கிறது. கோர் 2 டுவோ அதற்கு முந்தியது. டெபியன் 12இன் 64-பிட் பதிப்பு அதில் ஓடும். எதைப் போட்டாலும் சரி, சென்ட்ஓஎஸ் 7ஐ நெட்டில் வைத்திருக்க வேண்டாம். 2024 ஜூன் 30 உடன் அதற்கான அப்டேட்கள் நின்றுவிட்டன.