மழைக்காலச் சளியும் தாய்ப்பாலும்: வாசகியர் கேள்விகளுக்கு ஒரு குழந்தை மருத்துவரின் பதில்கள்

அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் எங்கள் குழந்தைகள் பிரிவில் கூட்டம் ஏறிவிடும். சளி, இருமல், காய்ச்சல் என்று வருபவர்களில் சிலரைப் பார்க்கும்போது மட்டும் எனக்கு மனசு கஷ்டமாகிவிடும். அம்மாவுக்குத்தான் காய்ச்சல் வந்திருக்கும். பிள்ளையோ பால் நிறுத்தப்பட்டதால் வாடிப்போய் வந்திருக்கும். இந்த மாதம் வந்த கடிதங்களிலும் அதே கதைதான் அதிகம்.

எனக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், உடம்பு வலி, இருமல். மகனுக்கு இரண்டரை மாதம். "காய்ச்சலோட பால் கொடுத்தா பிள்ளைக்கும் ஒட்டிக்கும், பவுடர் பால் கொடு" என்கிறார் மாமியார். நேற்று ராத்திரியிலிருந்து நிறுத்திவிட்டேன். மார்பு கல் மாதிரி கட்டி வலிக்கிறது. (கும்பகோணம்)

முதலில் பிள்ளையை எடுத்துப் பால் கொடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

சளி, ஃப்ளூ கிருமிகள் தாய்ப்பால் வழியாகப் பரவுவதில்லை. இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் துளிகளிலும், மூக்கைத் துடைத்த கையிலும்தான் அவை பிள்ளையிடம் போகின்றன. ஃப்ளூ கிருமி உடம்புக்குள் புகுந்து 1 முதல் 4 நாளில் காய்ச்சல் தெரியும். காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அது உங்கள் மூச்சில் வெளியே வரத் தொடங்கிவிடும். அதாவது, உங்களுக்குத் தொண்டை கரகரக்கும் முன்பே உங்கள் மகன் அந்தக் கிருமியைச் சந்தித்திருப்பான். இப்போது உங்கள் உடம்பு அதை எதிர்க்க ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் புரதத்தைச் செய்துகொண்டிருக்கிறது. அது பாலில் இறங்கி, பிள்ளையின் மூக்கு, தொண்டை, குடல் சுவர்களில் படிந்து காவல் நிற்கும். பாலை நிறுத்துவது, சண்டை நடக்கும் நேரத்தில் காவலை எடுத்துவிடுவதுதான்.

மார்பு கட்டியிருப்பதால் அவனுக்குக் காம்பு சரியாகப் பிடிபடாது. வெதுவெதுப்பான ஈரத்துணியால் சில நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். பிறகு கையால் கொஞ்சம் பீய்ச்சி, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் இளகியதும் கொடுங்கள். ஏதாவது ஓர் இடம் சிவந்து, தொட்டால் சுட்டு, குளிர் நடுக்கமும் வந்தால் அது மார்பு அழற்சி. மருத்துவரைப் பார்க்க வேண்டும், ஆனால் அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது.

கொடுக்கும் முன் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள், முகக்கவசம் போடுங்கள். கவசம் உங்களுக்கு மட்டும்தான். குழந்தை முகத்தில் எதையும் கட்டக் கூடாது, மூச்சு முட்டிவிடும். ஒவ்வொரு முறையும் மார்பைக் கழுவத் தேவையில்லை. நேராக அதன் மேல் இருமியோ தும்மியோ விட்டால் மட்டும் கழுவினால் போதும். பால் குடித்து முடித்ததும் தூளியில் போட்டுவிட்டு நீங்கள் கொஞ்சம் தள்ளிப் படுங்கள். ஒரே அறை வீடு என்றால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். முத்தம் மட்டும் ஒரு வாரம் வேண்டாம்.

உங்கள் மாமியார் பேரன் மீது உள்ள பாசத்தில்தான் சொல்கிறார். இந்தப் பதிலை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். உங்களுக்குக் கஞ்சியும் ரசமும் வைத்துத் தருவது, பிள்ளை குடித்து முடித்ததும் வாங்கி ஏப்பம் விட வைப்பது என்று அவர் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

பால் கொடுக்கும்போது எந்த மாத்திரை போடலாம்? மெடிக்கலில் சளி மாத்திரை என்று ஓர் அட்டை கொடுத்தார்கள். (திண்டுக்கல்)

காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் பாராசிட்டமால் போடலாம். 650 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, நாளுக்கு நான்குக்கு மேல் வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் அந்த அட்டையின் பின்பக்கம் மூன்று பெயர்கள் இருக்கின்றன: பாராசிட்டமால், ஃபினைலெஃப்ரின், குளோர்ஃபெனிரமின். இதைப் போட்டுவிட்டு, காய்ச்சலுக்குத் தனியாக இன்னொரு பாராசிட்டமாலும் போட்டால் அளவு இரட்டிப்பாகிவிடும். குளோர்ஃபெனிரமின் உங்களையும் பிள்ளையையும் தூங்க வைக்கும். தூக்கக் கலக்கத்தில் பிள்ளை சரியாகக் குடிக்காது. மூக்கடைப்பைத் திறக்கும் மருந்துகளில் சூடோஎபெட்ரின் பால் சுரப்பையே குறைத்துவிடும். ஓர் ஆய்வில் 60 மில்லிகிராம் ஒரே ஒரு வேளை எடுத்ததற்கே அன்றைய பால் ஏறக்குறைய கால்வாசி குறைந்தது. ஃபினைலெஃப்ரினும் அதே இனம்தான். ஆகவே கலவை மாத்திரை வேண்டாம். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டும் ஆவியும் போதும். ஆவி பிடிக்கும்போது பிள்ளை அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கோடீன் உள்ள இருமல் மருந்தைத் தொடவே வேண்டாம். சிலருடைய உடம்பு கோடீனை வெகு வேகமாக மார்ஃபினாக மாற்றும். அது பாலில் இறங்கினால் பிள்ளையின் மூச்சு மந்தமாகிவிடும். ஆஸ்பிரினும் வேண்டாம்.

இன்னொன்று, நம் ஊருக்கு மிக முக்கியம். ஐபுப்ரோஃபென் சாதாரணமாகப் பாலூட்டும் தாய்க்குப் பாதுகாப்பானதுதான். ஆனால் மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம். டெங்கு இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் தெரியும்வரை ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். பாராசிட்டமால் மட்டும்.

எனக்கு ஃப்ளூ பாசிட்டிவ். குழந்தை பிறந்து 12 நாள். ஓசெல்டாமிவிர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மருந்து முடியும்வரை பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட வேண்டுமா? (ஓசூர்)

ஒரு சொட்டுகூடக் கொட்ட வேண்டாம். அந்த மருந்து பாலில் மிக மிகக் கொஞ்சமாகத்தான் இறங்கும். பிரசவமாகி இரண்டு வாரத்துக்குள் இருக்கும் பச்சை உடம்புக்காரிகளுக்கு ஃப்ளூ கடுமையாகும் வாய்ப்பு அதிகம். அதனால் காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கிவிட வேண்டும். காய்ச்சல் விட்டாலும் 5 நாள் மருந்தை முழுசாக முடியுங்கள். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் வீட்டில் இருக்க வேண்டாம், மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

எழுந்து உட்காரவே முடியவில்லை என்றால், பாலைப் பீய்ச்சிக் கொடுங்கள், சளி இல்லாத வேறொருவர் புகட்டட்டும். பீய்ச்சும் கையும் கிண்ணமும் சுத்தமாக இருக்க வேண்டும். பீய்ச்சிய பாலை வெளியில் 4 மணி நேரமும், ஃப்ரிட்ஜின் உள்பக்கத்தில் 24 மணி நேரமும் வைக்கலாம். அடுப்பில் காய்ச்சாதீர்கள். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்தால் குளிர் விட்டுவிடும்.

புகட்டப் பாட்டில் வேண்டாம், பாலாடை போதும். குழந்தையின் தலையை நிமிர்த்தி மடியில் சாய்த்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் தொட்டபடி வைத்துக் கொஞ்சம் சாயுங்கள். பால் உதட்டைத் தொட்டதும் நாக்கு தானாக வெளியே வந்து நக்கும். அதன் வேகத்துக்கே விடுங்கள். ஊற்றினால் புரையேறும்.

மகளுக்கு 4 மாதம். மூக்கடைப்பு. மார்பில் வாய் வைத்த உடனே இழுத்துக்கொண்டு அழுகிறாள். எனக்குப் பால் இல்லையோ என்று பயமாக இருக்கிறது. (காரைக்குடி)

பால் இருக்கிறது அம்மா, அவளுக்கு மூச்சுதான் இல்லை. கைக்குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுவார்கள். வாயில் காம்பு, மூக்கில் அடைப்பு என்றால் எப்படிக் குடிப்பாள்?

போன வாரம் எங்கள் பிரிவுக்கு இதே மாதிரி ஒரு குழந்தை வந்தது. நாலு வாய் உறிஞ்சும், முகம் சிவக்கும், உதறிவிட்டு வீறிடும். அம்மாவும் கூடவே அழுதுகொண்டிருந்தார். செவிலியர் குழந்தையை மல்லாத்தி, ஒவ்வொரு மூக்குத் துளையிலும் உப்புநீர்ச் சொட்டு இரண்டிரண்டு விட்டார். ஒரு நிமிடம் ஆனது. பெரிய தும்மல் ஒன்று, பின்னாலேயே இன்னொன்று. வெளியே வந்த சளியைத் துணித் திரியால் துடைத்துவிட்டு, நிமிர்த்திப் பிடித்து மார்பில் விட்டதும் கண்ணை மூடிக்கொண்டு குடிக்க ஆரம்பித்துவிட்டது. அந்த விழுங்கும் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அம்மாவின் அழுகை நின்றது.

மெடிக்கலில் 'சலைன் நேசல் டிராப்ஸ்' என்று கேளுங்கள். வேறு மருந்து எதுவும் கலக்காதது வேண்டும். பால் கொடுக்க ஐந்து நிமிடம் முன்பு விடுங்கள். படுக்க வைத்துக் கொடுக்காமல் கொஞ்சம் நிமிர்த்திக் கொடுங்கள். ஒரே தடவையில் நிறையக் குடிக்க முடியாது, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். நாளுக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம்.

இருமல் மருந்து மட்டும் கொடுக்காதீர்கள். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்த இருமல் மருந்தைக் குடித்துக் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குச் சளி, இருமல் மருந்து எழுதவோ கொடுக்கவோ கூடாது என்று மத்திய அரசு அப்போது அறிவுறுத்தியது. நஞ்சு கலக்காத நல்ல மருந்தாலும் இந்த வயதில் பயன் இல்லை.

தயிர், ஆரஞ்சு சாப்பிட்டால், தலைக்குக் குளித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்குமா? (விருதுநகர்)

பிடிக்காது. நீங்கள் ஐஸ் சாப்பிட்டாலும் பால் உங்கள் உடம்பின் சூட்டில்தான் வரும். பத்தியம் என்று பழத்தையும் கீரையையும் நிறுத்தினால் உங்கள் உடம்புதான் கெடும். தலைக்குக் குளித்துவிட்டு நன்றாகத் துவட்டிக்கொள்ளுங்கள்.

சளிக்குத் தேனில் துளசிச் சாறு குழைத்து நாக்கில் தடவலாமா? தெருவில் கழுதைப் பால் கொண்டுவருகிறார்கள், ஒரு சங்கு கொடுக்கலாமா? (சேலம்)

இரண்டும் வேண்டாம். ஒரு வயதுவரை தேன் நாக்கில் படவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் பிஞ்சுக் குடலில் முளைத்து, நஞ்சை உண்டாக்கித் தசைகளை முடக்கிவிடும். கழுதைப் பால் காய்ச்சாத பால், கறந்த கையும் சங்கும் சுத்தமாக இருந்தனவா என்று யாருக்கும் தெரியாது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட வேண்டாம்.

கூடவே இன்னும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். மூக்கில் எண்ணெய் விடுவதால் அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை நெஞ்சில் தடவுவதால் வலிப்பு வரலாம். உங்களுக்குச் சளி என்று உங்கள் நெஞ்சிலும் கற்பூரத் தைலத்தைப் பூசாதீர்கள், பிள்ளையின் மூக்கு அங்கேதான் இருக்கும். வாயில் விரல் விட்டுச் 'சளி எடுப்பவர்களிடம்' தூக்கிப் போகாதீர்கள். சாம்பிராணிப் புகையும் சளி பிடித்த பிள்ளைக்கு ஆகாது.

நான் பாலூட்டும்போது ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா? குழந்தைக்கு 5 மாதம். (சென்னை)

தாராளமாகப் போடலாம். வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும் என்பதால் செப்டம்பரிலேயே போட்டுக்கொள்வது நல்லது, விட்டுப்போயிருந்தால் இப்போதாவது போடுங்கள். குழந்தைக்கு 6 மாதம் முடிந்ததும் போடலாம். முதல் ஆண்டு 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி, அப்புறம் ஆண்டுக்கு ஒன்று. அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். முடிந்தால் வீட்டில் குழந்தையைத் தூக்கும் எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும்? (பெயரும் ஊரும் வேண்டாம் என்றார்)

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு உடம்பு சுட்டாலே, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கி, முழுசாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்குள் என்றால் 60, அதற்கு மேல் ஒரு வயதுவரை 50, இதைத் தொட்டாலோ தாண்டினாலோ உடனே காட்ட வேண்டும். விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, முனகல், உதடு நீலம் பாய்வது, எழுப்பினாலும் எழாமல் கிடப்பது, பால் குடிக்கவே மறுப்பது, வலிப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் இருமல் மூன்று வாரமாக நிற்கவில்லை. எடையும் குறைந்திருக்கிறது. பால் கொடுப்பதால்தான் மெலிகிறேன் என்கிறார்கள். (திருவண்ணாமலை)

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். எடையும் குறைகிறது என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒருவேளை இருந்தாலும் பயப்பட வேண்டாம். முகக்கவசம் போட்டுக்கொண்டு, மருந்தும் எடுத்துக்கொண்டு பால் கொடுக்கலாம். பிள்ளையையும் பரிசோதித்து, நோய் வராமல் தடுக்க மருந்து கொடுப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம், மருந்தும் இலவசம். நாளைக்குக் காலையிலேயே போங்கள். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போங்கள்.