கடைசி வாரத்துப் பஸ் காசு

அக்கா, வணக்கம். ஒரு பெரிய அலுவலகத்தில் துப்புரவு வேலை பார்க்கிறேன். வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ஒரு வழிக்கே ஒன்றேகால் மணி நேரம். சம்பளத்தில் நாலில் ஒரு பங்கு போய்வரவே சரியாகிவிடுகிறது. மாதப் பாஸ் எடுக்கலாம்தான், ஆனால் சம்பளம் வந்த அன்றே வாடகைக்கும் கடைக்கடனுக்கும் போய்விடுவதால் மொத்தமாகக் கையில் நிற்பதில்லை. தினம் டிக்கெட்தான். கணவருக்கு வேலை கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கைக்குழந்தை இருக்கிறது, மாமியாரும் எங்களோடுதான். கடைசி வாரத்தில் முதல் பஸ்ஸை விட்டுவிட்டு அந்தத் தூரத்தை நடந்துவிடுவேன். கூட வேலை பார்ப்பவர்கள் அந்த பஸ்ஸில் வருவார்கள். பஸ் என்னைக் கடக்கும்போது யாருடனோ பேசுவதுபோல் ஃபோனைக் காதில் வைத்துக்கொள்வேன். போக வரக் காசில்லாமல் மாமியாரை இரண்டு மாதமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வேலை இருக்கிறது, சம்பளம் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதற்குப் போய்விடட்டுமா? இல்லை, யாரிடமாவது உதவி கேட்கலாமா? கேட்டால் பிச்சை மாதிரி ஆகிவிடாதா?

— பெயர் வேண்டாம் அக்கா

அன்புத் தங்கைக்கு,

காதில் வைத்த அந்த ஃபோன் எனக்கு நன்றாகப் புரிகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கையில் ஃபோன் கிடையாது. அதனால் “நடப்பது உடம்புக்கு நல்லது” என்று சொல்லிக்கொள்வேன். அலுவலகத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டால் டிக்கெட் ஒரு படி குறையும். அப்படி மூன்று மாதம் மிச்சம் பிடித்தேன். நாலாவது மாதம் வலது செருப்பின் குதிகால் காகிதம்போல் தேய்ந்து, தரையில் கிடக்கும் பொடிக்கல்லெல்லாம் காலுக்குத் தெரிய ஆரம்பித்தது. தைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. புதுச் செருப்பு வாங்கியபோது, மூன்று மாத மிச்சமும் அதற்கே போய்விட்டது. காலை ஏழு மணிக்குக் களைத்துப்போய் வேலையில் நின்றதுதான் லாபம்.

சரி, முதலில் அந்தப் பக்கத்து வேலையைப் பார்ப்போம். உங்கள் இப்போதைய சம்பளத்தைப் பன்னிரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பங்கு பஸ்ஸுக்குப் போனால் வீட்டுக்கு வருவது ஒன்பது. பக்கத்து வேலையில் சம்பளமே எட்டு பங்கு, அது அப்படியே வீட்டுக்கு வந்துவிடும். ஆக, இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு பங்கு. அந்த ஒரு பங்குக்காகத் தினம் இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் போகிறது. கைக்குழந்தை உள்ள வீட்டில் அது சின்ன விஷயமில்லை. ஆனால் பாஸ் எடுத்துப் போனால் அந்த மூன்று பங்கு குறையும், வித்தியாசமும் கூடும். அதனால் இன்றைக்கே கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். இரண்டு வேலையையும் பற்றி மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள்: சம்பளம் சொன்ன தேதியில் வருமா, காய்ச்சல் என்று படுத்தால் சம்பளம் பிடிக்காமல் விடுவார்களா, வருஷம் திரும்பினால் கூடுமா. தூரத்து வேலையில் இந்த மூன்றில் இரண்டுக்காவது ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் அதை விடாதீர்கள். இரண்டு இடத்திலும் ஒன்றுக்குமே ‘ஆமாம்’ இல்லை என்றால் என் ஓட்டு பக்கத்து வேலைக்குத்தான்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது ‘கடைசி வாரம்’ என்ற சொல்லைத்தான். உங்கள் பிரச்சினை கடைசி வாரத்தில் தெரிகிறது, ஆனால் அதைத் தீர்க்க வேண்டிய நேரம் முதல் வாரம். காசே இல்லாத நாளில் யோசிப்பதும் கஷ்டம், கேட்பதும் கஷ்டம். இதை நானாகச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 464 கரும்பு விவசாயிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2013-ல் வெளியானது. அறுவடைக்கு முன் கை வறண்டிருக்கும்போது ஒரு தடவை, அறுவடை முடிந்து காசு வந்த பிறகு ஒரு தடவை, அதே ஆட்களிடம் அதே மாதிரிப் புதிர்களைக் கொடுத்தார்கள். காசில்லாத நாட்களில் மதிப்பெண் குறைந்தது. அதே தலை, அதே படிப்புதான். என்ன செய்வது என்ற கவலை மூளையில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் எதற்கும் இடம் இருக்காது போலிருக்கிறது. ஆகவே நான் கீழே சொல்வதையெல்லாம் சம்பளம் வந்த முதல் வாரத்தில் செய்யுங்கள்.

முதலில் பாஸ். மாதப் பாஸில்தான் ஓர் அநியாயம் ஒளிந்திருக்கிறது. முழுக் காசையும் முன்னாலேயே கட்ட முடிகிறவர் குறைவாகக் கொடுத்துப் பயணம் செய்கிறார். முடியாதவர் தினம் தினம் டிக்கெட் வாங்கி, கூட்டிப் பார்த்தால் அவரைவிட அதிகம் கொடுத்திருப்பார். இல்லாதவருக்குத்தான் விலை கூடுதல்! இதைச் சரிசெய்த ஊர்களும் உண்டு. லண்டனில் பயண அட்டையிலிருந்து ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிப்பதில்லை என்று 2005-லேயே உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். உச்சவரம்பைத் தொட்ட பிறகு அன்றைக்கு எத்தனை முறை ஏறினாலும் கூடுதல் காசில்லை. 2014-லிருந்து வங்கி அட்டையைத் தட்டிப் போகிறவர்களுக்கு வாரக் கணக்கிலும் அந்த வரம்பு வந்தது. உங்கள் ஊரில் அட்டை வசதி இருந்தால் இப்படி ஏதும் உண்டா, வாரப் பாஸாவது கிடைக்குமா என்று கவுன்ட்டரில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அது இல்லையென்றால், பாஸுக்கு ஒரே ஒரு தடவை முன்பணம் வேண்டும். ஆமாம், ஒரே தடவைதான். எப்படி என்றால், இப்போது மூன்று வாரத்துக்கு எங்கிருந்தோ புரட்டித் தினம் டிக்கெட் வாங்குகிறீர்கள். பாஸ் கையில் இருந்தால் அந்தக் காசு செலவாகாது. அதைத் தினமும் ஒரு டப்பாவில் போட்டு வந்தால் மாதக் கடைசியில் அடுத்த பாஸுக்கு முழுசாகவோ முக்காலோ சேர்ந்திருக்கும். டப்பாவைக் கணவரிடம் காட்டிச் சொல்லிவிடுங்கள். ஒளித்து வைத்த காசுதான் அவசரத்துக்கு முதலில் எடுக்கப்படும் என்பது என் அனுபவம்.

அந்த முதல் முன்பணத்தை யாரிடம் கேட்பது? வேலை கொடுத்தவரிடம்தான். “கஷ்டமாக இருக்கிறது, ஏதாவது உதவி செய்யுங்கள்” என்று கேட்காதீர்கள். அதைக் கேட்டவுடன் எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு கேட்பார்களோ, எப்போது திரும்பி வருமோ என்ற பயம் வந்துவிடும். இப்படிக் கேளுங்கள்: “மாதப் பாஸ் எடுக்க முன்பணம் வேண்டும். தொகை இவ்வளவு. மூன்று மாதத் தவணையில் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். பாஸ் எடுத்ததும் காட்டுகிறேன்.” தொகை, காரணம், திரும்பக் கொடுக்கும் வழி, மூன்றும் அந்த நாலு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டது. நீங்கள் நேரத்துக்கு வந்து சேர்வது அவருக்கும் வேண்டியதுதானே. ஒருவேளை நீங்கள் ஒப்பந்தக்காரர் மூலம் வேலை பார்க்கிறவர் என்றால் முதலில் அவரிடம் கேளுங்கள். அப்புறம், ஷிப்டை மாற்றினால் கட்டணம் குறைந்த நேரத்தில் பயணம் செய்ய முடியுமா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம். சில ஊர்களில் நெரிசல் நேரத்துக்கு ஒரு கட்டணம், மற்ற நேரத்துக்கு ஒரு கட்டணம்.

பிச்சை மாதிரி ஆகிவிடாதா என்று கேட்டிருந்தீர்களே. அந்த அலுவலகத்தில் மேல் பதவியில் இருப்பவர்கள் பலருக்குக் கார் உண்டு, பெட்ரோல் காசு உண்டு, பயணப்படி என்று தனியாகவே உண்டு. அதை வாங்கிப் பையில் வைக்கும்போது யாரும் ஃபோனைக் காதில் வைத்து நடிப்பதில்லை. நீங்கள் கேட்பது திருப்பிக் கொடுக்கப்போகிற முன்பணம். அதற்குமேல் இதைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

அடுத்தது சலுகை. குறைந்த வருமானக்காரர்களுக்கு, பெண்களுக்கு, முதியோருக்கு, மாணவர்களுக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கு என்று பல இடங்களில் பயணச் சலுகை இருக்கிறது. லக்சம்பர்க்கில் 2020 முதல் நாடு முழுக்கப் பஸ், டிராம், ரயில் எல்லாமே இலவசம். ரயிலின் முதல் வகுப்புக்கு மட்டும் டிக்கெட். நியூயார்க்கில் 2019 முதல் வருமானம் குறைந்தவர்களுக்குப் பாதிக் கட்டணம், ஆனால் விண்ணப்பித்து அட்டை வாங்கினால்தான். எஸ்டோனியாவின் தாலின் நகரில் 2013-லிருந்து பஸ்ஸும் டிராமும் இலவசம், ஆனால் அந்த நகரத்தில் முகவரியைப் பதிந்துகொண்டவர்களுக்கு மட்டும். ஊர் கதைக்காக இதைச் சொல்லவில்லை. இந்த ‘ஆனால்’ எங்கும் உண்டு என்பதற்காகச் சொன்னேன். சலுகை இருந்தும் பலர் விட்டுவிடுவது ஒரு காகிதத்தால்தான். வாடகை வீடு மாறியிருப்பார்கள், அடையாள அட்டையில் பழைய முகவரி இருக்கும். அடையாள அட்டை, முகவரிச் சான்று, சம்பளச் சீட்டு அல்லது வருமானச் சான்று, இரண்டு போட்டோ, இவற்றின் நகல்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எப்போதும் கைப்பையிலேயே வைத்திருங்கள். “நாளைக்கு நகல் கொண்டு வாருங்கள்” என்று திருப்பி அனுப்பினால், அந்த ஒரு வார்த்தை உங்களுக்கு இன்னொரு நாள் பஸ் காசு, இன்னொரு நாள் கூலி. போகும் முன் ஃபோனில் கேட்டு, என்னென்ன வேண்டும், எத்தனை மணிக்கு வரலாம் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஃபோனில் சொன்னவர் பெயரையும் எழுதிக்கொள்வது நல்லது.

இப்போது வீட்டுச் செலவு. உதவி செய்கிறவர்களிடம் பஸ்ஸுக்குக் காசு கேட்டால் தயங்குவார்கள். காசாகக் கொடுக்க யாருக்கும் மனம் வராது, எதற்குச் செலவாகுமோ என்பார்கள். அதே ஆள் மளிகைச் சாமான் கேட்டால் யோசிக்காமல் கொடுப்பார். இந்தக் குணத்தோடு சண்டை போட்டுப் பயனில்லை, பயன்படுத்திக்கொள்வோம். முன்பணத்தைக் கட்டி முடிக்கும் அந்த மூன்று மாதத்துக்கு மட்டும் உணவுப் பொருளாக உதவி வாங்குங்கள். கடைக்குப் போகவேண்டிய காசு மிஞ்சும், அது தவணைக்கு ஆகும். வழிபாட்டுத் தலங்கள், தொண்டு நிறுவனங்கள், உணவு வங்கிகள், உள்ளாட்சி அலுவலகத்தின் நலப் பிரிவு என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். சீக்கியர்களின் வழிபாட்டுத் தலமான குருத்வாராக்களில் யார், என்ன என்று கேட்காமல் எல்லாருக்கும் சாப்பாடு போடுவார்கள்.

போகும்போது உணவோடு நிறுத்தாமல் சோப்பு, நாப்கின், குழந்தைக்கு டயபர் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கொடுக்கிறவர்களுக்குப் பசிதான் முதலில் ஞாபகம் வரும், நாப்கின் வராது. நான் ஒரு தடவை நிவாரணப் பை கட்டும் இடத்தில் நின்றிருந்தேன். ஐம்பது பைக்கு மேல் கட்டியிருப்போம். ஒன்றில்கூட சோப்பு இல்லை என்பது, பை வாங்க வந்த ஒரு பெண் வாய்விட்டுக் கேட்ட பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. கட்டிக்கொண்டிருந்ததில் பாதிப் பேர் பெண்கள், நான் உட்பட.

மாமியாரின் ஆஸ்பத்திரியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் ஒவ்வொரு மாதமும் போகத்தான் வேண்டுமா என்று டாக்டரையே கேட்கலாம். நோய் கட்டுக்குள் இருந்தால் இரண்டு, மூன்று மாதத்துக்கு மருந்து சேர்த்துக் கொடுக்க முடியுமா, ரத்தப் பரிசோதனையையும் டாக்டரைப் பார்ப்பதையும் ஒரே நாளில் வைக்க முடியுமா, வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள சுகாதார நிலையத்திலேயே மருந்து வாங்கிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார். வாசலில் விசாரணை மேஜையில் கேட்டால் அறையைக் காட்டுவார்கள். நோயாளிக்குப் போக்குவரத்து உதவி கிடைக்குமா என்று கேட்க வேண்டியது அவரிடம்தான். டாக்டரிடம் கேட்டு அவர் நேரமில்லை என்று சொன்னால் மனசு உடைந்துவிடாதீர்கள், அது அவருடைய மேஜை இல்லை.

ஒரு எச்சரிக்கை. கடைசி வாரத்தில் ஃபோனில் ஐந்து நிமிடத்தில் கடன் என்று வரும் செயலிகளைத் தொடவே தொடாதீர்கள். பஸ் காசுக்கு வாங்கிய சின்னக் கடன் வட்டியும் அபராதமும் சேர்ந்து அடுத்த மாத வாடகையைத் தின்னும். ஃபோனில் உள்ள உங்கள் உறவுக்காரர்கள் எண்களையெல்லாம் எடுத்துக்கொண்டு அவர்களைக் கூப்பிட்டு மானத்தை வாங்குகிறவர்களும் உண்டு. அதைவிடக் கடைக்காரரிடம் போய், “இந்த மாதம் பாக்கியில் பாதிதான் தருவேன், பாஸ் எடுக்க வேண்டும், மீதியை இரண்டு மாதத்தில் தீர்க்கிறேன்” என்று சம்பள நாளன்றே சொல்வது எவ்வளவோ மேல். வீட்டு வாடகையில் இந்தப் பேச்சு வேண்டாம். அதை முழுசாகவே கொடுத்துவிடுங்கள்.

அடுத்த சம்பளத்துக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதற்குள் பாஸ் விலையையும் சலுகை விவரத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வந்த மறுநாள் காலையிலேயே, வேலை தொடங்கும் முன், மேலாளரைப் பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். முடியாது என்று சொன்னால், என்ன காரணம் சொன்னார் என்பதையும் அப்படியே எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்து யாரிடம் போகலாம் என்று யோசிப்போம்.