77 வயதில் வந்த ஆஸ்கர்

அன்புள்ள ஐயா,

நேற்று 'எ பாசேஜ் டு இந்தியா' பார்த்தேன். மிஸஸ் மூராக வரும் பெக்கி ஆஷ்கிராஃப்ட்டை இதற்கு முன் பார்த்ததே இல்லை. தேடிப் பார்த்தால், ஆஸ்கர் கிடைத்தபோது அவருக்கு 77 வயதாம். நடித்த படங்களும் கொஞ்சம்தான். இப்படி ஒரு நடிகையைச் சினிமா வீணடித்துவிட்டதே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவர் சினிமா வாய்ப்புக்காகக் காத்துக் கிடந்தவர் இல்லை. 1930இல் லண்டனில் ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடகத்தில் பால் ராப்சன் ஒதெல்லோவாக நடித்தபோது, மனைவி டெஸ்டிமோனா இவர்தான். கறுப்பின நடிகரோடு வெள்ளைக்காரப் பெண் நெருங்கி நடிப்பதா என்று பலர் முகம் சுளித்த காலம் அது. 1963இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியரின் சரித்திர நாடகங்களைச் சேர்த்து மூன்று நாடகங்களாகப் போட்டார்கள். அதில் ராணி மார்கரெட்டாக இளம்பெண்ணாய் மேடையேறி, கிழவியாகி முடிப்பார். அப்போது அவருக்கு வயது 55!

கேமராவும் அவரைக் கண்டுகொள்ளாமல் இல்லை. ஹிட்ச்காக்கின் 'தி 39 ஸ்டெப்ஸ்' (1935) கிடைத்தால் பாருங்கள். ஸ்காட்லாந்துக் குடியானவன் ஒருவனின் இளம் மனைவியாகச் சில நிமிடங்கள்தான் வருவார். போலீஸுக்குப் பயந்து ஓடிவந்து அங்கே தங்கும் கதாநாயகனிடம், லண்டன் பெண்கள் கால் நகத்துக்குக்கூடச் சாயம் பூசுவார்களாமே என்று விசாரிப்பார். அந்த முகத்தில், கல்யாணத்துக்காக விட்டுவிட்டு வந்த கிளாஸ்கோ நகரத்து ஏக்கம் அப்படியே தெரியும். ராத்திரி கணவனின் கோட்டைக் கொடுத்து கதாநாயகனைத் தப்பவைப்பார். கணவன் உங்களை ஏதாவது செய்துவிடுவானோ என்று அவன் தயங்கினால், 'அவர் ஜெபம் பண்ணுவார், அவ்வளவுதான்' என்பார். ஜெபத்தோடு நிற்காது என்று நமக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம் 1984. கிரானடா டெலிவிஷனின் 'தி ஜூவல் இன் தி கிரவுன்' 14 பகுதிகளாக ஒளிபரப்பானது. அதில் இவர் ஓய்வுபெற்ற மிஷன் பள்ளி ஆசிரியை பார்பியாக வருவார். வாய் ஓயாமல் பேசி எல்லோரையும் சலிப்படைய வைக்கும் கிழவி. கடைசியில் பேச்சே நின்றுபோகும். அதுவரை தொணதொணப்பு என்று நினைத்ததை மறுபடி கேட்க மாட்டோமா என்று ஆகிவிடும். அதே வருடம்தான் நீங்கள் பார்த்த டேவிட் லீன் படமும் வந்தது. (அதில் மரபார் குகைக்குப் போகிற ரயில் நம்ம ஊட்டி மலை ரயில்தான், கவனித்தீர்களா?) ஆஸ்கரை வாங்க அவர் மேடைக்குப் போகவில்லை. அவர் சார்பில் நடிகை ஏஞ்சலா லான்ஸ்பரி வாங்கிக்கொண்டார்.

மசூதிக் காட்சியில், காலணியைக் கழற்றிவிட்டுத்தான் வந்தேன் என்று அவர் இந்திய டாக்டர் அஸீஸிடம் சொல்லும் இடம் எனக்கும் பிடிக்கும். ஆனாலும் என் ஓட்டு பார்பிக்குத்தான். அதையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.